ஏழு நிமிடப் போர்க்களம்

ஹிரோயோவின் வேலை போர்க்களம் வரைவது. டோக்கியோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடியோ கேம் நிறுவனத்தில் இருந்தாள். பதுங்குகுழி எங்கே, பாலம் எங்கே, டாங்கி எந்தச் சந்தில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவள் போடும் கோட்டில் இருந்தது.

அவர்களுடைய போர் விளையாட்டின் முதல் பாகத்தை டிவியில் ஆட வேண்டும். ஒரு சண்டைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டாம் பாகம் கையில் வைத்து ஆடும் கருவிக்கு என்று முடிவானதும், பெரிய களங்களைத் துண்டு துண்டாக வெட்டியவள் அவள்தான். கருவி தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் ஏறும் நிலையத்துக்கும் வண்டி மாறும் நிலையத்துக்கும் நடுவே ஏழு நிமிடம். கூட்டத்தில் நின்றபடியே ஆடிப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் அதற்குள் முடியும்படி செதுக்கியிருந்தாள்.

வெளிவந்த அன்றே இணையத்தில் வசவு விழுந்தது. போரைக் கூறு போட்டு விற்கிறார்கள் என்று எழுதினார்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மூன்றாம் பாகத்தின் களங்களை வேறு ஆளிடம் கொடுக்கலாமா என்று மாதக் கடைசிக் கூட்டத்தில் பேசப்போவதாக இயக்குநர் இசோபே சொல்லிவிட்டார்.

"அக்கா, உங்க களத்துல டாங்கி திரும்ப இடமில்லையாம். பேசாம சைக்கிள் குடுத்திருக்கலாம்," என்றான் பக்கத்து மேசை மினெகிஷி.

அவளும் சிரித்தாள். ஆனால் பாதி கடித்த சோற்று உருண்டை திரும்பப் பைக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து அட்டைகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத ஒரு கருத்து அட்டை இருக்கும். ஆடி முடித்தவர்கள்தான் பெரும்பாலும் அதை எழுதிப் போடுவார்கள். மினெகிஷியும் அவளும் மதிய இடைவேளைகளில் பிரித்து அடுக்கினார்கள். களம் சின்னது என்ற கட்டு உயர்ந்துகொண்டே போனது. அதில் ஒன்றைக்கூட அவள் ஒளிக்கவில்லை. சின்னக் களம் பிடித்திருக்கிறது என்ற இன்னொரு கட்டு மெலிந்து கிடந்தது. அதன் மேல் பென்சிலில் எழுதிய ஓர் அட்டை வந்து உட்கார்ந்தது.

கூட்டத்தில் இரண்டு கட்டுகளையும் மேசையில் வைத்தாள். இசோபே பெரிய கட்டை முழுதும் படித்துவிட்டுத்தான் பென்சில் அட்டையை எடுத்தார்.

'எங்க ஊர் ரயில் அஞ்சு நிமிஷத்துல ஸ்கூலுக்குப் போயிடுது. சண்டை முடிய ஏழாகுது. பாதியில விட மனசு வரல. தினமும் ஒரு ஸ்டேஷன் தாண்டி இறங்கி ஓடி வர்றேன். அடுத்த பாகத்துல அஞ்சு நிமிஷக் களமும் வைங்க.'

"ஏழு நிமிஷம்னு யார் கணக்கு இது?" என்றார் இசோபே.

"என் கணக்குதான் சார். தினமும் வர்ற ரயில்ல அளந்தேன்."

"உன் ஒரு ரயில்ல மட்டுமா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். காது சூடாகிவிட்டது.

அவர் அட்டையை மறுபடி படித்தார். வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் கேட்பதும் நியாயம்தான் என்றார். பிறகு, "மூணாம் பாகத்துல துண்டுகளைக் கோத்தா பெரிய களமாகணும். பிரிச்சா ரயில்ல முடியணும். ரெண்டு வாரத்துல வரைஞ்சு கொண்டா. அதுக்கு முன்னாடி மத்த ரயில்லயும் ஏறிப் பாரு," என்றார்.

மறுநாள் காலை ஹிரோயோ எதிர்த்திசை வண்டியில் ஏறினாள். அடுத்த நிலையம் நாலரை நிமிடத்தில் வந்தது. உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, இறங்காமல் அப்படியே நின்றாள்.