தண்டையல் போடாத மாலை

அலரிப்பூவில் கட்டிய மாலை அது. வெயிலில் வாடிவிடக்கூடாதென்று ஈரத்துணியில் சுற்றி, தோட்டவெளியிலிருந்து சைக்கிளில் நான்தான் கொண்டுவந்தேன். ஐரோப்பாவில் யுத்தம் முடிந்திருந்தது. மன்னாரில் வெற்றி விழா. இங்கிலாந்தின் யுத்தகாலப் பிரதம மந்திரியின் பெரிய படமொன்றை மேடையில் ஒரு கதிரைமேல் நிறுத்தியிருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு மாலை போட வேண்டியவர் தண்டையல். முசலிக் கரையைச் சேர்ந்த முஸ்லிம். சரக்குக் கப்பலில் மாலுமிகளுக்கு மேலாளாக இருந்தவர் என்பதால் ஊர் அவரை அந்தப் பதவிப் பெயராலேயே அழைத்தது. யப்பான் விமானம் குண்டு போட்டுக் கப்பல் எரிந்தபோது ஏழு பேரை இழுத்துப் படகில் ஏற்றியவர். அதில் அவருடைய இடது கை தோள்வரை வெந்து சுருங்கிப்போனது. மன்னாரை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை அவருக்குப் பதக்கம் குத்துவதென்றும், அவர் நன்றியோடு படத்துக்கு மாலை போடுவதென்றும் ஏற்பாடு. துரையின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நான் மொழிபெயர்ப்பாளன். வயது இருபத்து நான்கு.

பதக்கம் குத்தி முடிந்ததும் மாலையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இவருக்கு நான் மாலை போடமாட்டன். சண்டையில வெண்டவர்தான், அதை இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ரெண்டு வருசத்துக்கு முந்தி, வங்காளத்துப் பஞ்ச நேரம், எங்கட கப்பல் கல்கத்தாவில நிண்ட நாளில ரோட்டோரமெல்லாம் சனம் பசியில செத்துக் கிடந்தது. ஒரு பொம்பிளை கஞ்சித்தண்ணி கேட்டு என்ர காலைப் பிடிச்சவ. நான் கொண்டு திரும்பி வரேக்கை அவ உயிரோட இல்லை. துறைமுகத்தில பட்டாளத்துக்கெண்டு அரிசி மூட்டை அடுக்கிக் கிடந்தது. சாப்பாடு அனுப்பச் சொல்லிக் கேட்டும் இந்த மனிசன் மனம் இரங்கேல்லை எண்டு அங்க எல்லாரும் சொன்னவை.”

துரை என் முகத்தைப் பார்த்தார். தண்டையலுக்கு உடம்பு சரியில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனையோ வருடம் கப்பலில் திரிந்தவருக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும் என்பது பயத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

“தம்பி, எனக்கொரு வருத்தமுமில்லை, உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னதைச் சொல்லுங்கோ.”

அவர் குரலை உயர்த்தவேயில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் காது சுட்டது. சொன்னேன். அந்தப் பொம்பிளையையும் விடாமல் முழுவதும் சொன்னேன். துரையின் கழுத்துச் சிவந்தது. பதக்கத்தைக் கழற்றித் தரும்படி கேட்டார்.

“அது ஏழு உயிருக்குத் தந்தது. படத்துக்குத் தந்ததில்லை” என்றுவிட்டு, பதக்கத்தோடேயே தண்டையல் படியிறங்கிப் போனார். அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மொழிபெயர்த்தேன்.

அடுத்த கிழமையே என்னை இலுப்பைக்கடவைக்கு மாற்றினார்கள். தண்டையலுக்கு அதன்பிறகு கப்பல் வேலை கிடைக்கவில்லை. மச்சானின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார். சில வாரங்களில், வெற்றி தேடித் தந்த அந்தப் பிரதம மந்திரியை அவருடைய சனங்களே தேர்தலில் தோற்கடித்த செய்தி வந்தது. துள்ளிக்கொண்டு போய்த் தண்டையலிடம் சொன்னேன். வள்ளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அவையள் தங்கட வீட்டுக்கும் வேலைக்கும் வோட்டுப் போட்டவை. அது அவையின்ர நியாயம். கல்கத்தாச் சனத்துக்காக ஒருத்தரும் போடேல்லைத் தம்பி. அதை நாங்கள்தான் சொல்லோணும்.”

என் துள்ளல் அடங்கியது. ஒரு நாடு தன் தலைவனைத் தூக்குவதும் இறக்குவதும் தன் வசதிக்காகத்தான் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பிரதம மந்திரி இறந்தபோது, எங்கள் நாடும் சுதந்திரம் பெற்றிருந்தது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. உயிலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரங்கல் உரை வாசிக்க என்னை அழைத்தார்கள். போரில் அவர் காட்டிய உறுதியை ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தேன். பிறகு தாளை மடித்துவிட்டுக் கல்கத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். தலைமை ஆசிரியர் அவசரமாக மணியை அடிக்கச் சொன்னார். மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரும் எழும்பவில்லை. நான் பேசி முடித்தேன்.