ஆறிடுச்சு, போயிடுச்சா?

வாலிகண்டபுரம் ராசாங்கம் கமலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க நின்றால் மாடுதான் முதலில் களைக்கும். அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு கட்டி குழப்பியடித்தது என்றால் யார் நம்புவார்கள்?

சுதந்திரம் வந்த மறுவருஷம் தொடையில் கட்டி கிளம்பியது. பெரம்பலூர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பென்சிலின் என்று புது ஊசி போட்டார். மாயம் போலக் கட்டி உடைந்து வற்றியது. ஊர் வழக்கப்படி வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டான். தலைக்கு ஊற்றியாயிற்றென்றால் நோய் தீர்ந்தது, அதற்கு மேல் பேச்சே கிடையாது. அந்தச் சந்தோஷத்தோடு, தலைப்பிரசவத்துக்கு அரியலூர்ப் பக்கம் தாய்வீடு போன மனைவி குஞ்சம்மாளிடம், பிள்ளையைப் போட இருக்கட்டும் என்று தன் பழைய வேட்டிகளையும் மடித்துக் கொடுத்தனுப்பினான். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதே!

பெண் பிறந்த சேதி வந்த வாரமே முதுகில் இன்னொரு கட்டி.

அதே டாக்டர், அதே ஊசி. கட்டி அசையவில்லை.

"மருந்து கெட்டுப்போச்சுங்களா ஐயா?"

"மருந்து நல்லாத்தான்பா இருக்கு. உன் உடம்புல இருக்கற கிருமிக்கு இந்த மருந்து உறைக்கலை."

தனக்குப் போட்ட ஊசியைக் கிருமி எப்படித் தின்று செரித்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. டாக்டர் கட்டியைக் கீறி, சீழை எடுத்து, தினமும் கட்டு மாற்றினார். ஆறுகிற வரை பிள்ளையைத் தொடாதே, துண்டு துணியைப் பிறருக்குக் கொடுக்காதே என்றார். ஒருவழியாகப் புண் மூடியது.

"போயிடுச்சுங்களா?"

"ஆறிடுச்சு."

"அதைக் கேக்கலைங்க. முழுசாப் போயிடுச்சுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலப்பா. திரும்ப வராமலே போகலாம், வந்தாலும் வரலாம். அந்தக் கிருமி சில பேர் மூக்குல சும்மா குடியிருக்கும். எனக்கே இருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கு, போ."

வைத்தியம் பார்ப்பவருக்கே இருக்கலாமாம்! அப்படியானால் நோயாளி யார்? தலைக்கு ஊற்றிக்கொள்வதா வேண்டாமா? போன தடவை ஊற்றியும்தானே இது வந்தது? அரியலூருக்குப் பஸ் ஏறுவதற்கென்று கிளம்புவான், பாதியில் முதுகைத் தடவிப் பார்த்துத் திரும்பிவிடுவான். மகள் முகம் பார்க்க உயிர் துடித்தது. தொட்டால் அவளுக்கு ஒட்டுமோ என்று அதே உயிர் நடுங்கியது. பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் குஞ்சம்மாளிடமிருந்து ஆள் வந்தது: இந்த வெள்ளிக்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம்.

போனான். போய் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க."

"வேணாம் குஞ்சம்மா. இங்கேருந்தே பாத்துக்கறேன்."

"நல்ல அப்பன்! பிள்ளை குப்புற விழ ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் தூரத்துலயே நில்லுங்க." அவள் விருட்டென்று உள்ளே போய்க் குழந்தையோடு வந்தாள்.

குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் பீடி சுட்ட ஓட்டை ஒன்று. ராசாங்கத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தொடைக்கட்டி உடைந்தபோது இடுப்பில் இருந்த வேட்டி.

"ஐயோ! இதுலயா போட்டிருக்க?"

"பொறந்த அன்னிலேருந்து இதுலதான். வேற துணியில போட்டா வீல்னு கத்துது."

"உடம்புல கட்டி, கொப்புளம் எதாச்சும்...?"

"ஒரு சிரங்கு கெடையாது. நீங்களே பாருங்க."

துணியை விலக்கிக் காட்டினாள். கொழுகொழுவென்று மாசுமறுவற்ற உடம்பு. அவன் இத்தனை மாதம் எட்டி நின்றான், அவனுடைய வேட்டி பிள்ளையைக் கட்டிக்கொண்டே கிடந்திருக்கிறது. ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? நாளைக்கு ஒட்டுமா? டாக்டருக்கே தெரியாதது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, அதையே பார்த்தான்.

"குஞ்சம்மா, வூட்டுல சோப்பு இருக்கா?"