பெடல் அக்காவும் பஞ்சாய்ப் போன பிரேக்கும்

பெடல் அக்காவை முதன்முதலில் சந்தித்தபோது முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. பழைய கார் ஒன்றை இரண்டாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு, பிரேக்கை மிதித்தால் சேற்றில் கால் வைத்தது போல் இறங்குகிறதே என்ற பயத்தோடு அந்தப் பட்டறை வாசலில் நிறுத்திய நேரம். உள்ளே ஓர் ஆண் குரல் "மிதி" என்றது. "மிதிச்சாச்சு" என்றது பெண் குரல். "விடாத." "விடல." "இப்ப விடு." "விட்டாச்சு." புருஷன் பெண்டாட்டி தகராறு போலிருக்கிறது, நடுவில் போய்த் தலையைக் கொடுப்பானேன் என்று வெளியிலேயே நின்று, கால் மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை அழுத்த, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். பட்டறை மொழியில் இதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். கீழே வருவது அக்கா சொன்னது, அவர் கணவர் இடையிடையே திருத்தியது.

பட்டறைக்கு வருமுன் அக்கா பதினோரு வருஷம் தையல் மிஷின் மிதித்தவர். துணி எவ்வளவு தடிமன் என்று ஊசிக்குத் தெரியுமுன் அவர் பாதத்துக்குத் தெரிந்துவிடும். கணவரிடம் வேலை பார்த்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போய்விட, ஏர் எடுக்க ஆளில்லாமல், சும்மா வந்து உட்கார்ந்து மிதித்தால் போதும் என்று கூட்டி வந்தார் கணவர். சும்மா உட்காரும் உடம்பா அது? மூன்றாம் மாதமே அக்காவின் கால் பேசத் தொடங்கிவிட்டது. இந்தப் பெடல் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறது, எங்கோ கசிகிறது என்பார். அந்தப் பெடல் முதலில் தாழ்ந்து, இரண்டு தரம் அடித்தால் மேலே வருகிறது, உள்ளே காற்று இருக்கிறது என்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது. வருகிறவர்கள் 'பெடல் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் கிடைத்தும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. நாள் முழுக்க இருக்கையில் உட்கார்ந்து 'மிதிச்சாச்சு, விட்டாச்சு' என்று சொல்வது ஒரு பிழைப்பா? ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தார். கால் நன்றாக இருந்தால் கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்று கணவர் தட்டிக் கழித்தார். கடைசியில் தொல்லை தாங்காமல் தன் தம்பியின் டாக்சியைக் கொடுத்தார். முன்சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் பிடிக்கிற கவ்வியான காலிப்பரை அக்கா கழற்ற வேண்டும், உள்ளே ரப்பர் சீல் மாற்றி மறுபடி மாட்டுவது தன் வேலை என்று ஏற்பாடு. தம்பி வண்டிதானே, தப்பு வந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் என்ற தைரியம்.

கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி, கழட்டுறது பெரிய வித்தை இல்ல. எங்க வீட்டு ரேடியோவ நான்தான் கழட்டுனேன். இன்னிக்கு வரைக்கும் பாடல" என்றார்.

அக்கா ஒரு நட்டைக்கூடத் தொலைக்காமல் கழற்றினார். இரண்டு தகரத் தட்டுகளில் தனித்தனியாக வைத்து, சாக்பீஸால் ஒன்றில் 'வலது', ஒன்றில் 'இடது' என்று எழுதினார். கணவர் சீல் மாற்றி, தட்டைப் பார்த்து மாட்டினார். பிறகு அக்கா இருக்கையில் ஏறி ஏர் எடுக்க மிதித்தார். பெடல் பஞ்சாக இறங்கியது.

சரி, இன்னும் காற்று இருக்கிறது என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பஞ்சு. இரண்டு நாளில் ஒன்பது தரம் எடுத்தாயிற்று. நிப்பிளில் மாட்டிய, கண்ணாடி போல் உள்ளே தெரிகிற குழாயில் பிரேக் ஆயில் மட்டும் சுத்தமாக வந்தது, ஒரு குமிழி இல்லை. காற்றே இல்லை என்றது குழாய். காற்று இருக்கிறது என்றது கால். இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இரவு புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த கணவர், கட்டில் என்ன பிரேக் பெடலா, காலை ஆட்டாமல் படு என்றார்.

மூன்றாம் நாள் மதியம் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, வேறு வழியில்லை. புதிது வாங்க ஸ்கூட்டரில் ஊரின் மறுகோடிக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கொழுந்தன் வந்து நின்றார். நாலு மணிக்குச் சவாரி. மலையிலிருந்து வயதான தம்பதியைக் கீழே மருத்துவமனைக்குக் கூட்டி வர வேண்டும், வாரா வாரம் நம்பியிருப்பவர்கள். வேறு வண்டி அவர்களுக்குக் கிடைக்காது. மெதுவாக, கியரிலேயே இறக்கிக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள் என்று கேட்டார். சாவி அக்காவின் உள்ளங்கையில் இருந்தது. இறங்குகிற சாலையில் ஒன்பது வளைவு. கொடுத்தால் என்ன ஆகுமோ, கொடுக்காவிட்டால் அந்தத் தம்பதி என்ன ஆவார்களோ.

"ஒரு மணி நேரம் இருங்க தம்பி" என்றார்.

"மூணு நாளா இதத்தானே சொல்றீங்க?"

அக்கா வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கடிகாரம் இரண்டரை காட்டியது. இருக்கையில் ஏறி மிதித்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். கணவர் எப்போதோ செய்ததைப் பார்த்திருந்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. முன்சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டிலும் துணி சுற்றி, கவ்வினால் விடாத பிளையரால் ஒவ்வொன்றையும் ஆயில் போகாதபடி நெரித்துப் பூட்டினார். மறுபடி ஏறி மிதித்தார்.

பெடல் கல்லாக நின்றது.

அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் உயிரோடுதான் இருக்கிறது. பின்சக்கரத்திலும் கோளாறு இல்லை. நெரித்த இடத்துக்கு அப்பால், முன்பக்கத்துக் காலிப்பர்களில்தான் வினை. ஆனால் அங்கேதான் ஒன்பது தரம் ஏர் எடுத்தாயிற்றே? அக்கா குந்தி உட்கார்ந்து காலிப்பரையே பார்த்தார். தான் கழற்றிய அன்று நிப்பிளில் ஸ்பானரை மேலிருந்து போட்டதும், விரல் முட்டி மேலே இடித்துத் தோல் உரிந்ததும் நினைவிருந்தது. இப்போது நிப்பிள் காலிப்பரின் அடியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலேதான் போய்த் தங்கும். வாசல் கீழே இருந்தால் ஆயில் வரும், காற்று எப்படி வரும்? மறுபக்கம் ஓடிப் பார்த்தார். அதுவும் அப்படியே. வலது காலிப்பர் இடப்பக்கத்திலும், இடது காலிப்பர் வலப்பக்கத்திலும் தலைகீழாக உட்கார்ந்திருந்தன.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. மாட்டியது யார்? கணவர். இருபது வருஷ மெக்கானிக். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அவரைச் சீண்டலாம். அந்தச் சிரிப்போடுதான் மேசையிலிருந்த தகரத் தட்டுகளைப் பார்த்தார். சாக்பீஸ் எழுத்து இன்னும் அழியவில்லை. அன்று எங்கே நின்று எழுதினோம்? வண்டிக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்து நின்று. தன் வலது கைப் பக்கம் இருந்ததை வலது என்று எழுதியிருந்தார். வண்டிக்கு வலது இடது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சொல்வது. அந்த இருக்கையிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர், இறங்கிய முதல் நாளே அதை மறந்திருந்தார்.

தட்டை ஒரு துடைப்புத் துடைத்தால் போதும், எழுத்து போய்விடும். காலிப்பர்களை மாற்றி மாட்டிவிட்டு, கொழுந்தனை மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தால் நாலு மணிக்குள் வண்டி தயார். தப்பு மாட்டியவர் தலையில் போகும். உண்மையைச் சொன்னால் ஸ்பானர் போய்விடும், மறுபடி 'மிதிச்சாச்சு, விட்டாச்சு' தான். துணி கையிலேயே இருந்தது. இரண்டு தரம் மேசைவரை போய்த் திரும்பினார். மூன்றாம் தரம் துணியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஏங்க, சிலிண்டர் வாங்காதீங்க. அது நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி ஹோஸ் ரெண்டையும் நெரிச்சுப் பாத்தேன். பெடல் நிக்குது. காலிப்பர் ரெண்டும் இடம் மாறிக் கெடக்கு, நிப்பிள் கீழ பாக்குது."

"நான் மாட்டுனதுதானே அது" என்றார் கணவர், குரல் இறங்கி.

அதோடு விட்டிருக்கலாம்.

"மாட்டுனது நீங்க. தட்டுல எழுதுனது நான். வண்டிக்கு எதிர நின்னு எழுதிட்டேன்."

"எதையும் தொடாத. வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

தொடாதே என்றால், இன்றைக்கா, இனிமேலா? இருபது நிமிஷம் அக்கா நின்ற இடத்தில் நிற்கவில்லை. தரையைக் கூட்டினார், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

கணவர் வெறுங்கையோடு வந்தார். நேராகச் சக்கரத்தருகே குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பது தடவ இந்த நிப்பிளத் தொறந்து மூடியிருக்கேன். படுத்துக்கிட்டே, இதோ இவ்வளவு கிட்டத்துல. எனக்குக் கண்ணு எங்க போச்சு?"

துடைப்பத்தைப் பிடித்தபடி அக்கா நிப்பிளையே பார்த்தார்.

"நின்னுக்கிட்டு என்ன பாக்குற? இந்தப் பக்கம் நீ கழட்டு. அந்தப் பக்கம் நான்."

அக்கா ஸ்பானரை எடுத்தபோது மூன்று மணி பத்து. இடம் மாற்றி மாட்டி, ஏர் எடுக்க ஆரம்பித்ததும் குழாயில் குமிழிகள் சாரை சாரையாக வந்தன. மூன்று நாளாக ஒளிந்திருந்த காற்று அத்தனையும் வெளியே போனது. நாலாவது அழுத்தலில் பெடல் அக்காவின் காலைத் தடுத்து நிறுத்தியது. கொழுந்தன் தெருமுனைவரை போய், நாலு தரம் பிரேக் பிடித்துப் பார்த்துத் திரும்பினார். போன வாய் வந்துவிட்டது.

"அண்ணி, அடுத்த தடவ என் தோள்லயும் எழுதி விடுங்க, எது வலது எது இடதுன்னு" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் கிளம்பினார். அரை மணி தாமதம்தான். இருட்டுமுன் தம்பதியைச் சேர்த்துவிட்டதாகப் போன் வந்த பிறகுதான் அக்கா தண்ணீர் குடித்தார்.

கை கழுவும்போது கணவர் சொன்னது ஒன்றுதான். இனி தட்டில் எதுவும் எழுத வேண்டாம். ஒரு பக்கத்தைக் கழற்றி, வேலை முடித்து, மாட்டிவிட்டுத்தான் மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்ற கேள்வியே வராது. 'இனி' என்ற அந்த ஒரு சொல் போதும் என்று இருந்ததாம் அக்காவுக்கு.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பட்டறையில் பிரேக் வேலை முழுவதும் அக்காவுடையது, கணவர் இன்ஜின் பக்கம் பார்க்கிறார். சென்ற மாதம் அக்கா ஓட்டுநர் உரிமம் வாங்கியிருக்கிறார், இரண்டாவது முயற்சியில்.