கவிழ்த்து வைத்த மங்கு

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் குமுதா சைக்கிளைவிட்டு முழுதாக இறங்க மாட்டாள். பிரேக் பிடித்து, இடது காலை மட்டும் தரையில் ஊன்றிச் சாய்ந்து நிற்பாள். இடுப்புப் பையைத் திறந்து ஒரு மங்கை எடுப்பாள். ரப்பர் மரத்தில் பால் வடிவதற்குக் கட்டுகிற கோப்பைக்குத் தோட்டத்தில் மங்கு என்றுதான் பெயர். அவளிடம் இருப்பவை ஆறு பிளாஸ்டிக் மங்குகள், வெளுத்துப்போய் இன்ன நிறம் என்று சொல்ல முடியாதவை. எடுத்த மங்கின் உள்ளே கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுத் துடைப்பாள். துடைக்க அங்கே ஒன்றும் இருக்காது. முதல் நாள் மாலையே சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்ததுதான். இருந்தாலும் துடைப்பாள். பிறகு, செடிக்கு முட்டுக் கொடுக்கிற மூங்கில் குச்சி ஒன்றைப் போகப்போகிற பாதையின் ஓரத்தில் குத்தி, அதன் தலையில் மங்கைக் கவிழ்த்துவிட்டுப் பெடலை மிதிப்பாள். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்.

பின்னால் வருகிறவர்கள் அந்த மங்கைப் பார்த்து அதே பாதையில் திரும்புவார்கள். கடைசியாக வரும், தம்பியின் நண்பன் லயனல் குச்சியையும் மங்கையும் பிடுங்கிக்கொண்டு வந்து அவளிடம் ஒப்படைப்பான். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் நடந்துவந்தது.

குமுதாவுக்கு நாற்பத்தாறு வயது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் வாடகைக்கு உட்கார்ந்தது. அதன் பிறகு காலுறைத் தொழிற்சாலை, பேரங்காடி என்று மாறி மாறி, இந்தப் பதினோரு வருடமாக ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகள் இஸ்திரி இயந்திரத்துக்குள் போய் வெளியே வரும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை ஒரு வங்காளதேசத்துப் பையன் பிடிப்பான். இருவருக்கும் பொதுவாக எந்த மொழியும் கிடையாது. கணவன் ஐயாவு லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்கம், அவளுக்குச் சைக்கிள் என்று வீட்டில் ஒப்பந்தம்.

சைக்கிள் அவள் தேடிப் போனதல்ல. தம்பி கோகிலனும் அவனுடைய கூட்டாளி லயனலும் கொரோனா ஓய்ந்த சமயத்தில் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கிவிட்டு வாரா வாரம் காட்டுப் பாதை தேடி அலைந்தார்கள். ஒரு நாள் சும்மா காற்று வாங்க அவளும் காரில் கூடப் போனாள். அவர்கள் காரை நிறுத்திய இடம் அவளுடைய பழைய தோட்டம். இரண்டு பேரும் உள்ளே போய் வழி தெரியாமல் சேறும் அட்டையுமாகத் திரும்பிவந்து நின்றபோது, குமுதா கார்க் கதவில் சாய்ந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"எந்தப் பக்கம்டா போனீங்க? மேட்ட தாண்டி எறங்கினீங்களா?"

"எறங்கினோம். அங்க வழியே இல்ல."

"இருக்கு. பள்ளத்துக்கு இந்தாண்ட ஒரு வழி, அந்தாண்ட ஒரு வழி. மரந்தான மாத்துனான், மேட்டையுமா மாத்துனான்?"

மறு மாதமே லயனல் அவளுக்கு ஒரு பழைய சைக்கிள் பிடித்துக் கொடுத்தான். நாற்பத்து மூன்று வயதில் அவள் முன்னால் போக, படித்த பையன்கள் இருவரும் பின்னால் போனார்கள்.

கோகிலன் அவளைவிடப் பத்து வயது இளையவன். தோட்டத்தைவிட்டு வந்தபோது ஆறு வயது. அவனுக்கு அங்கே ஞாபகம் என்று ஒரு நாயும் ஒரு குழாயடியும்தான். வங்கியில் நல்ல வேலை. வார நாட்களில் அவன் அக்காவிடம் பேசுவது வாட்ஸ்அப்பில், அதுவும் கட்டைவிரல் படத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு மணி நேரம் மட்டும் அவளுக்குத் தம்பியாக இருப்பான். இதைக் குமுதா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் விடுமுறைப் பட்டியல் போடும்போது மேற்பார்வையாளரிடம் அவள் கேட்டு வாங்குவது ஞாயிறு ஒன்றைத்தான்.

அவளுக்கும் தம்பியின் மனைவிக்கும் நடுவில் இருந்தது ஒரு பழைய வாய்ப்பேச்சு. கோகிலனுக்குப் பெண் நிச்சயம் செய்யப் போன இடத்தில், குமுதா சித்தி ஒருத்தியிடம் சொன்னாள்: "தைப்பிங் பொண்ணு. தெனம் மழ பெய்யிற ஊரு. மழைய வேடிக்க பாத்தே வளந்துருப்பா. வெயில்ல நிக்கச் சொன்னா நிக்குமா?" சித்தி சிரித்தாள். அவர்களுக்குப் பின்னால் தட்டோடு நின்ற மணப்பெண் ஷர்மினி சிரிக்கவில்லை. கல்யாணம் ஆகி இரண்டு தீபாவளி வந்து போனது. இரண்டு பேரும் பலகாரத் தட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள், பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் கோகிலன் போன் செய்தான்.

"அக்கா, இனிமே ஷர்மினியும் வாரா."

"வரட்டுமே."

"வரட்டுமேன்னு இல்ல. அவ வந்தா நானும் வருவேன். அவளுக்கு ஒத்து வரலன்னா நானும் நிறுத்திருவேன். ஞாயித்துக்கிழம வீட்டுல தனியா உட்டுட்டு வர்றது ரொம்ப கஷ்டம், சுசா லா."

குமுதா சரி என்றாள். முதல் இரண்டு வாரமும் ஷர்மினி கணவனுடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினாள். அதைக் குமுதா கவனித்தாள், சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வானம் தெளிவாக இருந்தது. ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். கோகிலன் உற்சாகத்தில் அக்காவை விரட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். இரண்டாவது பிரிவைத் தாண்டியதும் லயனலின் டயரில் முள் ஏறியது. கூட நின்ற ஷர்மினியை அவன் அனுப்பிவைத்தான்.

"நீங்க போங்க லா சிஸ்டர். பத்து நிமிஷத்துல புடிச்சிருவேன். அக்காவோட மங்க பாத்துக்கிட்டே போங்க, போதும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஓடைக்கரையில் கூரையில்லாத ஒரு பம்பு வீடு உண்டு. அங்கேதான் எல்லோரும் சேர்ந்து ரொட்டி தின்பது வழக்கம். குமுதாவும் கோகிலனும் வந்து இருபது நிமிடம் கழித்து லயனல் வந்தான். தனியாக வந்தான். பையிலிருந்து மங்குகளை எடுத்து அவள் பக்கத்தில் அடுக்கினான்.

"இன்னைக்கு வெச்ச அஞ்சும் இருக்கு, எண்ணிக்குங்க. ஒண்ணு கொறஞ்சா நாந்தான பொறுப்பு." சுற்றிப் பார்த்தான். "சிஸ்டர் எங்க?"

கோகிலன் எழுந்தான். சைக்கிளைத் திருப்பினான். அந்தப் பள்ளத்தில் யாருடைய போனுக்கும் லைன் கிடையாது.

மூன்றாவது பிரிவில் குமுதா கண்டுபிடித்தாள். இடது பக்கம் அவள் குச்சி குத்திய துளை அப்படியே இருந்தது. அவளுடைய சக்கரத் தடம், தம்பியுடையது, லயனலுடையது மூன்றும் இடப்பக்கம் போயிருந்தன. நான்காவது தடம் துளைக்கு எதிரே வந்து, ஒரு கால் ஊன்றி நின்று, வலப்பக்கம் திரும்பியிருந்தது. கவிழ்த்த மங்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி வேறு பக்கம் போவாள் என்று குமுதாவுக்கு விளங்கவேயில்லை. வலப்பக்கப் பாதையில் ஒரு மரப்பாலம் உண்டு. பாதிப் பலகை கிடையாது. அதை நினைத்துக்கொண்டே மிதித்தாள். பாலத்தருகே தடம் நின்று, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நடந்த செருப்புத் தடமாகி, அக்கரைப் புல்லில் மறைந்துவிட்டது.

பத்தரை மணிக்கு, மேட்டின் மேல் ஏறியபோது, கோகிலனின் போன் அடித்தது. ஷர்மினிதான். பழைய தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. முத்தம்மா என்று ஒரு அம்மா காப்பி கொடுத்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்கார அம்மா இல்லை. செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலையாம். போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்களாம். வாசல் சிமெண்டுத் தரையில் முழங்கால் வரை சேறு காய்ந்துபோய் ஷர்மினி உட்கார்ந்திருந்தாள்.

கோகிலன் அவளைப் பார்த்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான்.

"ஒனக்கு அவளப் புடிக்காது, எனக்குத் தெரியும். அதுக்காகக் காட்டுலயா வழி மாத்தி உடுவ?"

"டேய், யாருடா மாத்துனா? மங்கு வெச்சிருந்தேன். லயனல கேளு."

"மங்கு இருந்துச்சி மச்சான்," என்றான் லயனல். "நாந்தான புடுங்குனேன்."

"நானும் பாத்தேன்," என்றாள் ஷர்மினி. குரல் நிதானமாக இருந்தது. "கவுத்தி வெச்சிருந்துச்சி. சீனன் கடையில டீ வேணாம்னா கோப்பையக் கவுத்தி வெப்போம்ல. அதான் இந்தப் பக்கம் வேணாம்னு நெனச்சேன்."

லயனல் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். கோகிலன் விழுங்குவதற்கு ஒன்றும் இல்லாதவன் போல் நின்றான்.

"யாரு நெனச்சாலும் அப்படித்தான் நெனப்பாங்க. அவகிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? மூணு வாரமா ஒரு வார்த்த?"

சொல்லவில்லைதான். மறைக்க வேண்டும் என்று மறைத்ததல்ல. இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்றே குமுதாவுக்குத் தோன்றியதில்லை. விடுமுறை நாட்களில் அம்மா மங்களத்தின் பின்னால் வாளியோடு ஓடியவள் அவள். அம்மா ஒவ்வொரு மங்காக எடுத்து, பாலை வாளியில் ஊற்றி, கட்டைவிரலால் உள்ளே ஒரு சுற்று வழித்து, மங்கைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். இவள் கவிழ்ந்த மங்குகளைப் பார்த்துப் பார்த்தே மரங்களின் நிரை மாறாமல் பின்னால் போய்ச் சேர்வாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கியதில்லை. நடை பழகுவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லையே, அது போல.

"தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான்டா வெப்பாங்க. கவுத்துன மங்குன்னா அந்த மரம் முடிஞ்சிச்சி, ஆளு இந்த வழியாப் போயாச்சின்னு அர்த்தம். வேணும்னா யாரையும் கேளு."

"யாரக் கேக்கச் சொல்ற? செம்பனையவா?"

இனி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று குமுதாவின் மனம் ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கியிருந்தது. அரிசி களையலாம், திரைச்சீலை துவைக்கலாம். இடுப்புப் பையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது ஷர்மினி எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அண்ணி சொல்றது சரிதாங்க. நான் அந்தம்மாகிட்ட கேட்டேன். அதேதான் சொன்னாங்க. கவுத்துனா போயாச்சின்னு அர்த்தமாம். தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுமாம்."

கோகிலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நெஜமா?"

"பொய் சொல்றதுக்கு எனக்கென்ன? எனக்குத்தான் தெரியல. தைப்பிங் பொண்ணுதான, மழைய வேடிக்க பாத்தே வளந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குமுதாவைப் பார்க்கவில்லை. லயனல் மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்தான். குமுதா தலையைக் குனிந்து பையைத் திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டாள்; கொக்கி மூன்றாவது தடவைதான் மாட்டியது. ஷர்மினி போய்க் கேட்டைச் சாத்தினாள்.

திரும்பி வரும் வழியில் சுங்கை சிப்புட்டில் காரை நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். பரிமாறியவன் வெறும் கோப்பைகளை வைத்துவிட்டுப் போனான். ஷர்மினி தன்னுடையதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இது வேணாம், மைலோ போதும்," என்றாள். குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, தண்ணீர் புரையேறி, லயனல் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு முதல் பிரிவில் குமுதா வழக்கம்போல ஒரு காலை ஊன்றி நின்றாள். மங்கை எடுத்து, விரலால் துடைத்து, கவிழ்த்தாள். பின்னால் வந்து நின்ற ஷர்மினியிடம், "கவுத்துனா போயாச்சி," என்றாள்.

"தெரியும் அண்ணி."

இப்போது ஷர்மினிதான் கடைசியில் வருகிறாள். மங்குகளைப் பிடுங்கிச் சேர்ப்பது அவள் வேலை. லயனலுக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை. கோகிலன் அந்தப் பேச்சையே மறந்துவிட்டான். மேட்டில் ஏறும்போது அக்காவை முந்தப் பார்ப்பான், மூச்சு வாங்கி நிற்பான், "ஒனக்கு இரும்புல கால் செஞ்சி வெச்சிருக்காங்க," என்பான். குமுதாவின் விடுமுறைப் பட்டியலில் ஞாயிறு இன்னும் அப்படியே இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து லயனல் வேறு நண்பர்களோடு அந்தப் பக்கம் போனபோது, செயின் அறுந்து, முத்தம்மாவின் வீட்டு வாசலில் உட்கார வேண்டிவந்தது. பேச்சு வாக்கில் மங்கைப் பற்றிக் கேட்டான். முத்தம்மா சிரித்தாள். தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றாள். பால் எடுத்த பிறகும் மரம் சொட்டிக்கொண்டிருக்கும், அப்படிச் சொட்டி உறைகிற கட்டிப்பாலுக்கும் காசு உண்டு, மங்கை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், கவிழ்த்தால் எல்லாம் மண்ணுக்குத்தான் போகும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கத்துவான். அவள் பால் வெட்டிய காலத்தில் பக்கத்து நிரையில் மங்களம் என்று ஒருத்தி மட்டும் பள்ளி விடுமுறை வந்தால் கவிழ்த்துக்கொண்டே போவாளாம். பின்னால் வாளியோடு வருகிற பிள்ளை வழி தவறிவிடக் கூடாது என்று. அதற்காக மண்டோரிடம் அவள் வாங்காத ஏச்சு இல்லையாம்.

இதையெல்லாம் போன தடவை இங்கே வந்து காப்பி குடித்துவிட்டுப் போன பெண்ணிடமும் சொன்னதாகவும், மங்களம் பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டதாகவும் முத்தம்மா சொன்னாள்.