டெக்சாஸ் சட்டமும் ஸ்பிரிங்வேல் பள்ளிக்கூடமும்

போன வருடம் ஜனவரி கடைசியில், மெல்பர்னில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் வாரத்தில் இது நடந்தது. அப்போது நான் ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். முன்பக்கத்தில் மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம்: கணவன், மனைவி, ஏழு வயது மகள். அவர்களுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டின் முடிவு வரும்வரை ஒரு தற்காலிக விசாவில் இருந்தார்கள்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அங்கே விலாசம் கொடுத்தால் அது குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்விடும் என்று, ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது யாரோ தாயிடம் சொல்லியிருந்தார்கள். அதோடு ஒரு வருடம் போய்விட்டது. சந்தையில் வாங்கிய ஒரு பள்ளிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மகள் குசினிக்கும் அறைக்குமாக நடந்து திரிவாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பு, துபாய் என்று அலைந்து, டெக்சாஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விசா இல்லாமல் கோப்பை கழுவினேன். பிறகு கலியாணம் என்னை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. கலியாணம் நிலைக்கவில்லை, விசா நிலைத்தது.

டெக்சாஸில் என்னோடு வேலை செய்த மெக்சிகோக்காரச் சமையல்காரனுக்கும் விசா இல்லை. ஆனால் அவனுடைய பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அவன்தான் எனக்கு விளக்கினான். அப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தரமாட்டோம் என்று ஒருகாலத்தில் அந்த மாநிலம் சொன்னதாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பெற்றவர்கள் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்ததாம். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தீர்ப்பு நிலைத்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

“தங்கச்சி, பள்ளிக்கூடத்தில விசா கேக்க மாட்டினம். கேக்கவும் கூடாது. அதுதான் சட்டம்” என்று தாயிடம் சொன்னேன்.

“வடிவாத் தெரியுமோ அண்ணா?”

“ஓம். கண்ணால கண்டனான்.”

கணவர் சிரித்தார். “அண்ணைக்கு எட்டாம் வகுப்பிலயே சட்டமும் படிப்பிச்சிருக்கினம்.” ஆனாலும் போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

தாயையும் மகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற அன்று காலை சமையல்காரனிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. பள்ளிக்கூடங்களுக்குள் போய் ஆட்களைப் பிடிப்பதில்லை என்று இருந்த பழைய கட்டுப்பாட்டை அமெரிக்க அரசாங்கம் எடுத்துவிட்டதாம். தீர்ப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அவனுடைய தங்கை பயத்தில் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்திருக்கிறாளாம். அது வேறு நாடு என்று தள்ளிவிட்டேன். நல்ல சட்டம் மட்டும் இங்கே பொருந்தும் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு பிறப்புச் சான்றிதழ் கேட்டார். தடுப்பூசி விவரம் கேட்டார். மூன்றாவதாக விசா கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. தாய் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“கேக்க மாட்டினமெண்டு சொன்னீங்கள்.”

அலுவலகப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக விளங்கப்படுத்தினார். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் உண்டு, அகதி விண்ணப்பக்காரரின் பிள்ளைகளுக்கு இல்லை, அதைப் பார்க்கத்தான் விசா என்றார். நான் தமிழில் சொன்னேன். தாய் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

“இவையள் எங்கட விலாசத்தை வேற ஒருத்தருக்கும் குடுக்க மாட்டினமோ? சத்தியமாச் சொல்லுங்கோ.”

எனக்குக் காலையில் கேட்ட குரல் ஞாபகம் வந்தது. “தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சது அமெரிக்காவில உள்ளது. இங்கத்தைச் சட்டம் தெரியாது.”

“அதை வீட்டில வச்சே சொல்லியிருக்கலாமே.”

மகளின் கையைப் பிடிக்கத் திரும்பினார். அவள் அங்கே இல்லை.

வெளியே, வகுப்பறைச் சுவரில் கொக்கிகள் வரிசையாக இருந்தன. பைகளும் தொப்பிகளும் தொங்கின. வெறுமையாக இருந்த ஒரு கொக்கியில் அவள் தன் பையை மாட்டிவிட்டு, அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இது என்ர இடம்.”

தாய் பையைக் கழற்றுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார். கைப்பைக்குள்ளிருந்து விசாக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அலுவலகப் பெண்ணும் காகிதத்தை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் போன பிறகு தாய் தானாகக் கையை எடுத்தார்.

“அண்ணா, பிள்ளையை எத்தின மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போறதெண்டு கேளுங்கோ.”

நான் இப்போது மெல்பர்னிலேயே ரோவில் என்ற இடத்தில் இருக்கிறேன். அவர்களுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. இதுவரை யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அவர்களின் மகளிடம் போனில் தமிழில் பேசினால் இங்கிலிஷில் பதில் வருகிறது. இந்த நாட்டுச் சட்டம் பற்றி யாராவது கேட்டால் முதலில் தெரியாது என்று சொல்கிறேன், பிறகு விசாரிக்க அவர்களோடு கூடப் போகிறேன். ஒவ்வொரு முறையும், அந்தக் காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் கிடந்த கைதான் எனக்குத் தெரிகிறது.