பின்பிரேக்கில் அக்காவின் கால்

கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் பைக் அது. முன்னால் குனிந்து, டேங்க் மேல் படுத்த மாதிரி ஓட்ட வேண்டும். வேகத்துக்காகவே செய்த அந்த வண்டியில், பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்களைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதுதான் அந்த வருடம் முழுக்க என் வேலையாக இருந்தது.

எனக்கு ஆபீஸ் பம்பாய்க்கு வெளியே, கோபர்கைரனேயில். மனைவியும் மகளும் செம்பூரில். அப்பாவும் அக்காவும் தாராவியில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில். அம்மா இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தவள், அப்பா படுத்ததும் அதை விட்டுவிட்டாள். பகல் முழுக்க அவள் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் போய் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாற்றிப் படுக்க வைப்பேன். என் வீட்டைத் தாண்டித்தான் அப்பாவிடம் போக வேண்டும். செம்பூர்த் திருப்பம் வரும்போதெல்லாம் கை தானாகவே இண்டிகேட்டரைத் தேடும். போடாமல் நேராகப் போய்விடுவேன். திரும்பி வந்து சேரும்போது மகள் தூங்கியிருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் செயின் தளர்ந்து தொங்க ஆரம்பித்தது. கியர் மாற்றும்போது உள்ளே யாரோ கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, வாஷி பாலம் தாண்டி மான்குர்த் மேம்பாலத்தில் ஏறும்போது செயின் பல்லை விட்டுக் கழன்றது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மழையில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி விரலால் செயினை மாட்டினேன். அப்போதுதான் செயின் ஓடும் பின்சக்கரத்துப் பல்தகட்டை, அந்த ஸ்ப்ராக்கெட்டை, சரியாகப் பார்த்தேன். பற்கள் எல்லாம் தேய்ந்து, ஒரு பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி நின்றன. அதற்குப் பிறகு மிதிவண்டி வேகத்தில்தான் வந்தேன்.

தாராவி வீட்டில் கதவு சாத்தாமல் இருந்தது. குளியலறை வாசலில் அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தலை அவள் மடியில்.

"விழுந்துட்டீங்களா?" என்று பதறினேன்.

"விழல. உக்காந்துட்டோம்," என்றாள் அக்கா. "அவுகளால அடக்க முடியல. ஒன்னைய எவ்ளோ நேரம் பாக்க? நானே தூக்கினேன். இடுப்புல பிடிச்சிக்கிட்டு. அப்படியே மெதுவா எறக்கிட்டேன்."

எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவரைத் தூக்கினேன். பிறகு அக்காவுக்குக் கை கொடுத்தேன். வலியில் அவள் முகம் கோணியது.

தொண்ணூறடி ரோட்டில் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அடுத்த வாரம்தான் முடியும் என்றார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போயாக வேண்டும். சனிக்கிழமை சயான் பக்கம் ஒரு கடையில் செயினும் முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினேன். பழைய வண்டியில் ஒருமுறை நானே மாற்றியிருக்கிறேன். அந்தத் தைரியம்தான்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. வண்டி நின்ற தாராவிச் சந்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். கியர் லீவரைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைத் திறந்தால், உள்ளே வருடக்கணக்கான கிரீஸும் மண்ணும் சேர்ந்து களியாக அப்பியிருந்தது. சுரண்டி எடுத்து, நட்டைப் பூட்டி வைத்திருந்த வாஷரை உளியால் நிமிர்த்தினேன். நட்டு அசையவில்லை. பலம் கொடுத்தால் சக்கரமே சேர்ந்து சுற்றுகிறது. யாராவது வண்டியில் ஏறி உட்கார்ந்து பின்பிரேக்கை மிதித்துக்கொண்டால்தான் ஆகும்.

அக்காவைக் கூப்பிட்டேன். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த உயரமான சீட்டில், இடுப்பு வலியோடு, என் தோளைப் பிடித்து ஏறுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், "அரே தீதி, கிதர் சலி?" என்று, எங்கே கிளம்பிவிட்டாள் என்று இந்தியில் கேட்டார்.

"கோவா!" என்றாள் அக்கா.

ஸ்பானரில் ஒரு நீளமான குழாயைச் செருகி, "மிதி, நல்லா மிதி" என்று சொல்லிவிட்டு முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. மறுபடி. மறுபடி. பிறகு டக்கென்று ஒரு சத்தம், நட்டு இளகிவிட்டது. குழாய் நழுவி என் விரல் முட்டிகள் எஞ்சினில் உரசித் தோல் போனது. அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"போதும்க்கா. எறங்கு."

"ஏல, கொஞ்சம் இருந்துக்கிடுதேன்."

"வண்டியிலயா?"

"இதுல உக்காந்திருந்தா ஒருத்தரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்கல்லா."

நான் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு சாக்கிலேயே உட்கார்ந்தேன். அவள் ஹேண்டிலைப் பிடித்தபடி, சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மாட்டுங்கா கடையிலருந்து போன் பண்ணாங்க. பில்லு போட ஆளில்லையாம். திரும்ப வாரியான்னு கேக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? யோசிச்சு சொல்லுதேன்னேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தாள். "நீ சாயங்காலம் வந்து தூக்குத. இல்லங்கல. ஆனா நீ வார வரைக்கும் நான் அந்த வாசலத் தாண்டுதது கெடையாது. இனிமே எனக்கு முடியாதுல. இந்த இடுப்பு போச்சுன்னா ரெண்டு பேரையும் நீதான் தூக்கணும், பாத்துக்க."

"ஆள் வைக்கலாம்னா அப்பா ஒத்துக்க மாட்டாரேக்கா. வேத்து ஆளு என்னத் தொடக் கூடாதுன்னு அன்னிக்கு எப்படிக் கத்துனாரு."

"அப்பாட்ட நான் கேக்கல. ஒங்கிட்ட சொல்லுதேன்."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. வழக்கமாக முதல் அழைப்பிலேயே எழுந்துவிடுகிறவள், அன்று அசையவில்லை. பிறகு நான்தான் எழுந்து போனேன்.

அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கையெல்லாம் கிரீஸ், அதனால் தம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, "வண்டி சரியாயிட்டா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன். "அப்பா, பகல்ல ஒரு ஆள் வைக்கப் போறோம். அக்காவால முடியலப்பா. என்னாலயும் முடியல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல்தடவை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் நல்ல கையால் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு குழறலாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கும் முடியலதாம்ல."

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகில் கை வைக்கப் போனேன். கிரீஸ் ஞாபகம் வந்து நிறுத்தினேன். அப்புறம் வைத்துவிட்டேன். வெள்ளை பனியனில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

வெளியே வந்தபோது அக்கா அதே இடத்தில் இருந்தாள். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். அவளை இறக்கிவிட்டு மீதி வேலையைப் பார்த்தேன். பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டை மாற்றி மாட்டினேன். முன்னாலும் புதியதைப் போட்டேன். செயினைச் சுற்றி, இரு முனைகளையும் சேர்க்கும் சின்னக் கிளிப்பைப் போடுவதற்குள் அது இரண்டு முறை சாக்கடை ஓரத்தில் தெறித்துப் போய் விழுந்தது. நானும் அக்காவும் தவழ்ந்து தேடினோம். கடைசியில் நட்டை இறுக்க மறுபடி அவள் ஏற வேண்டியிருந்தது. "இதுக்குத் தனிச் சம்பளம்" என்றாள். வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து, நிமிர முடியாமல் எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அன்றைக்கு அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, செம்பூர் போகத் தெம்பில்லாமல் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கினேன்.

ஆள் கிடைக்க நாளானது. பாண்டுப்பிலிருந்து ஒரு மராத்திக்காரர் வந்தார். ஆஸ்பத்திரியில் வார்டுபாயாக இருந்தவர். அப்பா முதலில் அவரிடம் பேசவே இல்லை. பிறகு வெந்நீர் போதவில்லை என்று பம்பாய் இந்தியில் சண்டை பிடித்தார். சாயங்காலம் நான் போகும்போதெல்லாம் அந்த மனிதரைப் பற்றி ஒரு புகார் காத்திருக்கும். டீ அதிகம் குடிக்கிறார், போனில் சத்தமாகப் பேசுகிறார். அதைச் சொல்வதற்காகவே அப்பா விழித்திருப்பார். சாயங்காலம் தூக்குவது இன்னும் என் வேலைதான். களைப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அக்கா கடைக்குத் திரும்பிய முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பின்சீட்டு உயரம் பற்றி வழி முழுக்கத் திட்டினாள். மாட்டுங்காவில் கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அவள் குனிந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆபீஸுக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.