ரைமரின் வெற்றிச் சுற்று

ஹாபோ யான்சன் பொறாமைக்காரன் என்று சொன்னால் எங்கள் லேர் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இருபத்தாறு வருடமாகக் கடற்கரைப் பேருந்தை ஓட்டுகிறவன். அவன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் கையிலிருக்கும் காபிகூடத் தளும்பாது. பக்கத்து வீட்டு ரைமர் புதுக் கார் வாங்கியபோது முதலில் கைகுலுக்கியவன் ஹாபோ. ரைமர் கூரை முழுக்க சோலார் தகடு பதித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான். நிஜக் காரை எவன் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். உள்ளங்கையில் அடங்குகிற கார் விஷயத்தில்தான் அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அது ஒன்பது வருடக் கதை. மகள் படிக்க வெளியூர் போனதும் கூரைக்குக் கீழிருந்த அவள் அறை காலியானது. அங்கே பொம்மைக் கார்கள் பள்ளம் பிடித்து ஓடுகிற ஒரு ரேஸ் டிராக் போடலாம் என்று ஹாபோவுக்கு ஆசை. மனைவி வீப்கேயையும் கூட்டிக்கொண்டு மூன்று சனிக்கிழமை பொம்மைக் கடைக்கு நடந்தான். பழைய வகையில் ஒரு பள்ளத்துக்கு ஒரு கார்தான். பிறந்த தடத்திலேயே கடைசிவரை ஓட வேண்டும். டிஜிட்டல் வகையில் ஆறு கார் விடலாம், பொத்தானைத் தட்டினால் கார் அடுத்த பள்ளத்துக்குத் தாவி முன்னால் போகிறவனை முந்தும். விலையைப் பார்த்து ஹாபோ தயங்கினான்.

"முந்தவே முடியாத பந்தயத்தைப் பாக்க நான் எதுக்கு மாடி ஏறி வரணும்?" என்றாள் வீப்கே. அதோடு முடிவாகிவிட்டது.

பளபளவென்று போலீஸ் காரும் பாலமும் வைத்த பெரிய பெட்டியை அவன் தொடவில்லை. இரண்டே கார் இருந்த சின்னப் பெட்டி. பிறகு பிறந்தநாளுக்கு ஒரு துண்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு. முதலில் தடம் மாறும் துண்டு; மறு வருடம் அகலமான வளைவு; அதற்கும் பிறகு பெட்ரோல் போட ஒதுங்குகிற சந்து; கடைசியில் காரை ஓட்டுகிற விசை வைத்த கம்பியில்லாக் கைப்பிடிகள். எதை வாங்குவதற்கு முன்பும் செய்தித்தாளை அதே அளவில் வெட்டித் தரையில் போட்டு ஒரு மாதம் பார்ப்பான். கார்களின் அடியில் கம்பெனிக்காரன் வைத்திருந்த காந்தத்தையெல்லாம் கழற்றி எறிந்தான். காந்தம் இருந்தால் கார் தடத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும், அதில் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை என்பது அவன் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தேநீர், அப்புறம் பந்தயம். தபால்காரன் ஓன்னோ வருவான், பக்கத்து வீட்டிலிருந்து ரைமர் வருவான். ரைமர் சமையலறை அலமாரி விற்கிறவன். விசையில் கட்டைவிரலை வைத்தால் எடுக்கவே தெரியாது. முதல் வளைவிலேயே கார் பறந்துபோய்ச் சுவரில் மோதும். வீப்கே அந்த வளைவுக்குப் பக்கத்தில் கூரைச் சரிவுக்குக் கீழே குனிந்து நின்று, விழுந்த கார்களை எடுத்து வைப்பாள். ஜெயித்தவன் தனியாக ஒரு சுற்று ஓட்ட வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே ஹாபோதான், ஏனென்றால் ஜெயிப்பதும் பெரும்பாலும் அவன்தான். அந்தச் சுற்று முடிந்ததும் வீப்கே நிமிர்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டே சொல்வாள்: "என்ன இருந்தாலும், கைன்னா உன் கைதான்."

ஹாபோவுக்கு வாரம் முழுக்க ஓட அந்த ஒரு வரி போதும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ரைமர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஹாபோ ஒன்பது வருடத்தில் துண்டு துண்டாகச் சேர்த்தது அத்தனையும், அதற்கு மேல் இன்னொரு பங்கும், ஒரே மத்தியானத்தில் இறங்கியது. ரைமர் காரை மழையில் நிறுத்திவிட்டு கராஜைக் காலி செய்தான். கடை ஆட்களை வைத்து, இடுப்பு உயரத்தில், சமையல் மேடைப் பலகையாலேயே மேசை அடித்தான். கார்களை வைக்கச் சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறைகள் வேறு. சுற்றுகளை எண்ணிக் காட்டும் திரை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஹாபோ இழுப்பறை ஒன்றை இழுத்து, அது தானாக மூடுவதைப் பார்த்தான். மறுபடி இழுத்தான். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றான்.

பந்தயம் ரைமரின் கராஜுக்கு மாறிவிட்டது. மாற்றச் சொன்னவள் வீப்கேயேதான்.

"அங்க நிமிந்து நிக்கலாம் ஹாபோ. ஒம்போது வருஷமா உன் கூரைக்குக் கீழ குனிஞ்சு என் இடுப்பு போச்சு."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததாலேயே கூடுதலாக எரிந்தது. எட்டு மாதமாக அவன் அந்தக் கராஜில் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் வீப்கே அந்த வரியைச் சொல்லவில்லை. இடுப்பு வலிக்காததால் மறந்துவிட்டாளோ என்னவோ. போன மாதம் ரைமரின் சிவப்புக் கார் தொடர்ந்து மூன்று சுற்று விழாமல் ஓடியபோது, "அட, முன்னேறிட்டியே ரைமர்!" என்று கைதட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிய பதினெட்டு அடி தூரமும் ஹாபோ அந்தக் கைதட்டலை எண்ணிக்கொண்டே நடந்தான். தன் மூக்கு அறுந்தாலும் சரி, எதிரிக்குச் சகுனத் தடையாக வேண்டும் என்கிற புத்தி வந்தது அப்போதுதான்.

யோசனை சின்னதுதான். டிஜிட்டலில் ஒவ்வொரு காரையும் ஒரு கைப்பிடிக்குப் பழக்க வேண்டும். காரைத் தடத்தில் வைத்து, கைப்பிடியின் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டி, காரின் மூக்கைத் தூக்கி இறக்கினால் முன்விளக்கு கண் சிமிட்டும். அதிலிருந்து கார் அந்தக் கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்கும். சிவப்புக் காரைத் தன் கைப்பிடிக்கும் பழக்கிவிட்டால்? அது வளைவுக்குள் நுழையும்போது ஹாபோ இங்கிருந்து ஒரு அமுக்கு. பறந்துபோய்ச் சுவரில் முட்டும். ரைமர் தன் கட்டைவிரலைத்தான் திட்டிக்கொள்வான். வீப்கேயும் பார்ப்பாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு ரைமர் வீட்டில் தேநீர். சூடு பட்டுக் கற்கண்டு கோப்பையில் வெடித்தது, பாலாடை மேகமாக மேலே வந்தது. எங்கள் பக்கத்தில் மூன்று கோப்பைக்கு முன்னால் எழுந்திருப்பது வீட்டுக்காரரை அவமதிப்பதற்குச் சமம். ஹாபோ இரண்டாவது கோப்பை முடிந்ததும் போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியை அதற்குள் நிற்க வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட? மூணாவது ஊத்தல இன்னும்!" என்றான் ரைமர்.

"டயர்ல தூசி. துடைச்சுட்டு வந்துடறேன்."

"உன் டயரத்தான் நீ தூங்கும்போதும் துடைப்பியே," என்றான் ஓன்னோ. எல்லாரும் சிரித்தார்கள். வீப்கே மட்டும் கோப்பைக்குள் நின்ற கரண்டியைப் பார்த்தாள்.

கராஜில் வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு தட்டு, மூக்கைத் தூக்கி இறக்கினான், சிவப்புக் கார் கண் சிமிட்டியது.

ஒரு கைப்பிடிக்கு எத்தனை கார் வேண்டுமானாலும் பணியும், ஆனால் ஒரு கார் ஒரு கைப்பிடிக்குத்தான் பணியும். புதிதாகப் பழக்கினால் பழையது அழிந்துபோகும். ஒன்பது வருடம் பழகியவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஓன்னோவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் வயிறு எரிகிறவனுக்கு மூளையில் புகை மண்டிவிடுகிறதே, என்ன செய்வது.

இருபது சுற்றுப் பந்தயம். ஹாபோவின் நீலம், ரைமரின் சிவப்பு, ஓன்னோவின் மஞ்சள். வீப்கே பென்சிலும் தாளுமாக இறுக்கமான முதல் வளைவுக்குப் பக்கத்தில் நின்றாள். விளக்கு பச்சையானது. ஹாபோ அமுக்கினான். நீலமும் சிவப்பும் ஒன்றாகக் கிளம்பின. வளைவு வந்ததும் விரலைத் தளர்த்தினான். இரண்டும் ஒன்றாக வேகம் குறைந்து, ஒன்றாகத் திரும்பி, நேர்த்தடத்தில் ஒன்றாகப் பாய்ந்தன.

மூன்றாம் சுற்றில்தான் அவனுக்கு உறைத்தது. சிவப்புக் கார் ரைமரின் பேச்சைக் கேட்கவே இல்லை. இரண்டு காரையும் ஓட்டுவது ஹாபோவின் ஒரே கட்டைவிரல். சிவப்பு வளைவில் இருக்கும்போது நீலமும் அதே வளைவில்தான் இருக்கிறது. அமுக்கினால் இரண்டும் பறக்கும். பறக்கவிடாமல் ஓட்டினால் ரைமரும் விழாமல் ஓடுகிறான்.

"யப்பா, ரைமரப் பாருங்க!" என்று கத்தினான் ஓன்னோ, மூன்றாவதாக வந்துகொண்டே. "ஏழு சுத்து, ஒரு தடவ விழல!"

"எனக்கே தெரியலடா," என்றான் ரைமர். முகமெல்லாம் சிவந்திருந்தது. கட்டைவிரல் வழக்கம்போல அடிவரை அமுங்கியே இருந்தது. "என்னமோ இன்னிக்கு வண்டி தானா போகுது!"

ரைமர் கழற்றாததால் சிவப்பில் காந்தம் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது நீலத்தைவிட ஒரு விரல்கடை முன்னால் வந்தது. ஹாபோ தன்னுடைய திறமையாலேயே தோற்றுக்கொண்டிருந்தான். ஜென்மத்தில் இப்படி நேர்த்தியாக அவன் ஓட்டியதில்லை. ஓட்ட ஓட்டக் கைதட்டல் ரைமருக்குப் போயிற்று. பதினேழாவது சுற்றில் பொறுமை போய்விட்டது. வருவது வரட்டும் என்று வளைவிலேயே முழுசாக அமுக்கினான். நீலம் பறந்து வீப்கேயின் கம்பளிச் சட்டையில் மோதியது. சிவப்பு வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஒட்டிக்கொண்டது. அதிர்ச்சியில் ஹாபோ விரலை எடுத்துவிட்டான், சிவப்பும் நேர்த்தடத்தில் நின்றுவிட்டது.

"அடடா, பாருங்கய்யா!" என்றான் ஓன்னோ. "விழுந்தவனுக்காக நிறுத்திக் காத்திருக்கான்! மனுஷன்னா இவன் மனுஷன்!"

ரைமர் இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்சம் விழித்தான், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டான். வீப்கே நீலக் காரைத் தடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு ரைமரின் கட்டைவிரலைப் பார்த்தாள், சிவப்புக் காரைப் பார்த்தாள், பிறகு கணவனின் கையைப் பார்த்தாள்.

அரைச் சுற்று முன்னால் சிவப்பு ஜெயித்தது. ஒன்பது வருடத்தில் ரைமரின் முதல் வெற்றி. ஐம்பத்தெட்டு வயது ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் குதித்தான்.

"வெற்றிச் சுத்து! வெற்றிச் சுத்து!" என்று ஓன்னோ மேசையைத் தட்டினான்.

நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துவிட்டார்கள். தடத்தில் சிவப்பு மட்டும் நின்றது. ரைமர் பெரிய மனிதனைப்போல நிமிர்ந்து நின்று விசையை அமுக்கினான். கார் அசையவில்லை. மறுபடி அமுக்கினான்.

"என்னாச்சு? இப்பத்தானே..." என்றான். குதித்த முகம் அப்படியே வாடிப்போனது. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தான், உதறினான். "பேட்டரியா? ஹாபோ, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், வந்து பாரேன்."

இத்தனை மாதமாக ஹாபோ பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். கண்ணெதிரே இருந்தது. ஒரு நொடிகூட அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. கீழே வைக்க மறந்த கைப்பிடி இன்னும் அவன் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒண்ணுமில்லடா. இன்னொரு தடவ மெதுவா அமுக்கு," என்றான்.

ரைமர் அமுக்கினான். ஹாபோவும் அமுக்கினான். சிவப்புக் கார் கிளம்பியது. நேர்த்தடத்தில் சீறி, வளைவுக்கு முன்னால் இரண்டு தடவை தயங்கி, உள்பக்கம் அணைந்து, அலுங்காமல் திரும்பியது. ஓன்னோ கைதட்டினான்.

"பாத்தியா ஹாபோ!" ரைமரின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உன்ன மாதிரியே ஓட்டறேன்டா! ஒம்போது வருஷமா உன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இன்னிக்கு வந்துருச்சு!"

முதுகுக்குப் பின்னால் யாரோ நெருங்கி நிற்பது ஹாபோவுக்குத் தெரிந்தது. வீப்கேயின் மூச்சு காதில் பட்டது.

"கைன்னா உன் கைதான்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் குரலில் சிரிப்பு இல்லை. "நாளைக்குக் காலைல நீயே வந்து சொல்லி, அவன் வண்டிய அவன்கிட்டயே பழக்கிக் குடுத்துட்டுப் போ. மூணாவது கோப்பையையும் குடிச்சுட்டு வா."

எட்டு மாதம் காத்திருந்த வரி. இப்படி வந்து விழும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"இன்னொரு சுத்து போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான் ரைமர்.

"போடு, போடு!" என்றான் ஓன்னோ.

ஹாபோவின் கட்டைவிரல் வலித்தது. அமுக்கினான்.